லேப்டாப் உங்களுடையது, அக்கவுண்ட் யாருடையது?

நான் வேலூரில் கணினி பழுதுபார்ப்பவன். போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு லுங்கி வியாபாரி வந்தார். மஞ்சள் பையில் லேப்டாப். திறந்தால் நீலத் திரை, 48 இலக்க ரெகவரி கீ கொடு என்று கேட்டு நிற்கிறது. “என்னா சார் நம்பர் கேக்குது? நான் எந்த நம்பரும் வைக்கலியே” என்றார். உள்ளே மூன்று வருட டேலி கணக்கு, ஜிஎஸ்டி பில்கள், மகள் கல்யாணப் படங்கள்.

“எந்த மெயில் ஐடி போட்டு ஆரம்பிச்சீங்க அய்யா?” என்று கேட்டேன்.

“மெயிலா? அதெல்லாம் எனக்குத் தெரியாது. வாங்குன கடையில ஒரு தம்பி எல்லாத்தையும் போட்டுக் குடுத்துட்டாரு.”

அந்தத் தம்பி தன்னுடைய மெயில் ஐடியையே போட்டிருக்கிறார். கடையில் கூட்டம், இவரிடம் ஜிமெயில் கடவுச்சொல் கையில் இல்லை, வேலை முடிந்தால் போதும் என்று செய்திருப்பார். இப்போது அவர் ஓசூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார், பழைய எண் அணைந்து கிடக்கிறது. அந்த 48 இலக்கச் சாவி, அந்த மெயிலில் திறந்த அவருடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கிறது. லேப்டாப் என் மேசையில் இருக்கிறது.

இந்த மாதத்தில் மட்டும் இது நான்காவது. காட்பாடியில் ஒரு கல்லூரி மாணவி, சத்துவாச்சாரியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், ஆற்காட்டில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. நால்வருக்கும் ஒரே கதை. அதனால்தான் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் மென்பொருள்) அப்டேட் ஆனாலோ, மதர்போர்டு மாற்றினாலோ, சில அமைப்புகளைத் தொட்டாலோ அந்த நீலத் திரை வரும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு உள்ளே நுழைந்ததும், அதற்கான வசதி உள்ள லேப்டாப்பில் விண்டோஸ் தானாகவே டிஸ்கைப் பூட்டிவிட்டு, சாவியை அந்த அக்கவுண்டில் வைத்துவிடுகிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது இன்னும் பல கணினிகளில் இது தானாக நடக்கிறது. லேப்டாப் திருடு போனால் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். சாவி உங்கள் கையில் இருக்கும் வரை நல்லது.

முன்பெல்லாம் விண்டோஸ் திறக்கவில்லை என்றால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றுவோம், கேஸிங்கில் போட்டு வேறு கணினியில் செருகுவோம், அரை மணி நேரத்தில் படங்களை நகலெடுத்துக் கையில் கொடுப்போம். வேலூரில் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் அது கைவந்த வேலை. பூட்டிய டிஸ்கில் அது நடக்காது. எந்த மெஷினில் செருகினாலும் அதே 48 இலக்கத்தைத்தான் கேட்கும். “எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, எடுத்துக் குடுங்க” என்று ஒரு அம்மா அழுதார். காசு பிரச்சினை இல்லை அம்மா, சாவி இல்லாமல் என்னாலும் முடியாது, சென்னையில் இருப்பவராலும் முடியாது. தொலைந்த சாவியை மைக்ரோசாஃப்டே திரும்ப உருவாக்கித் தராது. முடியும் என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, ஹோம் பதிப்பை முதலில் திறக்கவே இணையமும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டும் வேண்டும் என்றார்கள். 2022-இல் ப்ரோ பதிப்புக்கும், சொந்த உபயோகம் என்று தேர்ந்தெடுத்தால், அதே கட்டாயம் வந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததும், அதுவரை பழைய விண்டோஸில் நிம்மதியாக இருந்தவர்களும் 11-க்கு வந்து சேர்ந்தார்கள். என் மேசையில் கூட்டம் கூடியது அப்போதுதான்.

சரி, யாரோ ஒருவரின் மெயிலைப் போட மக்கள் ஏன் சம்மதிக்கிறார்கள்? நான் கேட்டவர்களில் பாதிப்பேர் சொன்ன பதில் ஒன்றுதான்: “அக்கவுண்ட் போடலைன்னா விண்டோஸ் டூப்ளிகேட் ஆயிடும்னு சொன்னாங்க சார்.”

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆகாது. ஆகவே ஆகாது. விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்பில், 2012-இல் விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்தே, லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே எழுதப்பட்டு வருகிறது. இன்ஸ்டால் ஆகும்போது விண்டோஸ் அதைத் தானே படித்துக்கொள்ளும். பிறகு ஒருமுறை இணையத்தில் இணைத்தால் ஆக்டிவேட் ஆகிவிடும். உங்கள் மெயிலுக்கு அதில் வேலையே இல்லை. வீட்டுப் பத்திரம் ரிஜிஸ்டர் ஆபீசில் பதிவாகிவிட்டது. வாசலில் பெயர்ப் பலகை மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் பத்திரம் மாறாது, அதுபோல. சந்தேகம் இருந்தால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போய்ப் பாருங்கள். லோக்கல் அக்கவுண்டில், அதாவது மெயில் இல்லாமல் அந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கும் கணக்கில், ஓடும் லேப்டாப்பிலும் ‘ஆக்டிவ்’ என்றுதான் இருக்கும். விண்டோஸ் அப்டேட் வரும். டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் வேலை செய்யும். டேலி ஓடும், பிரிண்டர் ஓடும், பிரவுசரில் உங்கள் ஜிமெயில் திறக்கும். லைசென்ஸை அக்கவுண்டோடு இணைத்து வைப்பதால் பயன் பெறுகிறவர், தனியாக லைசென்ஸ் வாங்கி, அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் மதர்போர்டை மாற்றுகிறவர். கடையில் லேப்டாப் வாங்கிய உங்களுக்கு அது இல்லை. ‘ஒரிஜினல்’ என்ற சொல்லைச் சொல்லிப் பயமுறுத்துவதை என் சக தொழிலாளிகள் நிறுத்த வேண்டும். தெரியாமல் சொல்கிறார்கள் என்றால் இப்போதாவது தெரிந்துகொள்ளட்டும்.

ஒரு விலக்கு உண்டு. லேப்டாப்போடு வரும் ஆபீஸ், அதாவது வேர்டு, எக்செல், உயிர் பெற மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வேண்டும். அந்த ஆபீஸ் எந்த அக்கவுண்டில் ஏறுகிறதோ அதற்கே சொந்தம். கடைக்காரர் அக்கவுண்டில் ஏறினால் நீங்கள் காசு கொடுத்த ஆபீஸ் அவருடையது. ஆகவே உங்கள் சொந்த அக்கவுண்டில் மட்டும் ஏற்றுங்கள். அப்போது ‘இந்த ஆப்புக்கு மட்டும்’ என்ற பொருளில் ஒரு தேர்வு கீழே சின்ன எழுத்தில் வரும். அதை அழுத்தினால் அக்கவுண்ட் ஆபீஸோடு நிற்கும், முழுக் கணினிக்கும் பரவாது.

அக்கவுண்ட் இல்லாமல் ஆரம்பிக்க வழி உண்டா? உண்டு.

ப்ரோ பதிப்பு என்றால் எளிது. வீடா, வேலை இடமா என்று கேட்கும் இடத்தில் ‘வேலை அல்லது பள்ளி’யைத் தேர்ந்தெடுத்து, சைன்-இன் ஆப்ஷன்ஸ் உள்ளே போனால் ‘டொமைன் ஜாயின் இன்ஸ்டெட்’ என்று இருக்கும். அதை அழுத்தி ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் லோக்கல் அக்கவுண்ட் தயார். எந்த டொமைனிலும் (அலுவலக நெட்வொர்க்கில்) சேர வேண்டியதில்லை.

ஹோம் பதிப்பில்தான் தலைவலி. ஷிஃப்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தி, கறுப்புத் திரையில் பைபாஸ் கட்டளை அடித்துத் தாண்டுவது வழக்கமாக இருந்தது. 2025 மார்ச்சில் அந்தக் கட்டளைக்கான ஸ்கிரிப்டை விண்டோஸின் சோதனைப் பதிப்பிலிருந்து எடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மற்ற குறுக்கு வழிகளையும் சோதனைப் பதிப்பில் அடைத்தார்கள். இல்லாத மெயில் ஐடியைப் போட்டு ஏமாற்றும் வழி 2024-லேயே போய்விட்டது. யூடியூபில் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு “அண்ணா, கமாண்ட் வேலை செய்யல” என்று எனக்கு இரவு பத்து மணிக்குப் போன் செய்கிறார்கள். பழைய கட்டளைகளின் பின்னால் ஓடாதீர்கள்.

புதிதாக இன்ஸ்டால் செய்பவர்களுக்கு, குறிப்பாகக் கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கு, நான் சொல்வது ரூஃபஸ், பென்டிரைவிலிருந்து விண்டோஸ் இன்ஸ்டால் செய்ய அதைத் தயார் செய்யும் மென்பொருள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே ஐஎஸ்ஓவை (விண்டோஸ் இன்ஸ்டால் கோப்பை) இறக்குங்கள், 8 ஜிபி பென்டிரைவ் போதும். ஸ்டார்ட் அழுத்தியதும் ஒரு பெட்டி வரும். ஆன்லைன் அக்கவுண்ட் கட்டாயத்தை நீக்கு, இந்தப் பெயரில் லோக்கல் அக்கவுண்ட் உருவாக்கு, டிஸ்கைத் தானாகப் பூட்டாதே என்று அதிலேயே டிக் செய்யலாம். இன்ஸ்டால் முடியும் வரை லேன் கேபிளையும் வைஃபையையும் இணைக்காதீர்கள், இணைத்தால் பழையபடி மெயில் கேட்கும். வைஃபை டிரைவரைத் தனிப் பென்டிரைவில் முன்பே வைத்துக்கொள்ளுங்கள். பீஞ்சமந்தை மாதிரி மலைக் கிராமத்துக்குப் போகும் லேப்டாப் என்றால் இந்த முறைதான் ஒரே கதி. சிக்னலே பிடிக்காத இடத்தில் ‘நெட்வொர்க்கில் இணையுங்கள்’ என்ற திரையைப் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை எத்தனை நாள் உட்கார்ந்திருக்கும்?

கடையிலிருந்து பெட்டி பிரிக்காமல் கொண்டு வந்த புது லேப்டாப், இதெல்லாம் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால், பெட்டியை வீட்டில் வைத்துப் பிரியுங்கள். உங்கள் சொந்த ஜிமெயிலை வைத்தே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் திறக்கலாம், தனி மெயில் தேவையில்லை. திறந்து, கடவுச்சொல்லை வீட்டு நோட்டில் எழுதி, உள்ளே போங்கள். அந்த அக்கவுண்டின் இணையப் பக்கத்தில் ரெகவரி கீ இருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்கத்தையும் காகிதத்தில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள். அப்புறம் விருப்பம் இருந்தால் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், யுவர் இன்ஃபோ போய் லோக்கல் அக்கவுண்டுக்கு மாறிக்கொள்ளலாம். மாறினாலும் டிஸ்க் பூட்டு அப்படியேதான் இருக்கும், அதனால் அந்தக் காகிதம் முக்கியம்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ் பற்றியும் ஒரு வார்த்தை. அக்கவுண்டோடு நுழைந்தால் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவுக்குப் போக ஆரம்பிக்கலாம். இலவச இடம் 5 ஜிபி. சில நாளில் நிறைந்து எச்சரிக்கை வரும். இது கணினியில் இருப்பதன் கூடுதல் நகல் என்று நினைத்து, படிக்கிற பிள்ளைகள் ஒன்டிரைவில் உள்ளதை அழிக்கிறார்கள். அங்கே அழித்தால் இங்கேயும் போய்விடும். ஒன்டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுவிடுங்கள். யாரோ ஒருவரின் அக்கவுண்ட் என்றால் உங்கள் குடும்பப் படங்கள் அவருடைய ஒன்டிரைவுக்குப் போகின்றன. பெண் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

லோக்கல் அக்கவுண்டுக்குக் குறை இல்லாமல் இல்லை. கடவுச்சொல் மறந்தால் இணையத்தில் போய் மாற்ற முடியாது. ஆரம்பத்தில் கேட்கும் மூன்று பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான பதிலைக் கொடுங்கள், ‘அஅஅ’ என்று அடிக்காதீர்கள். ஆரம்பத்திலிருந்தே லோக்கல் என்றால் ஹோம் பதிப்பில் டிஸ்க் பூட்டும் இருக்காது, ஆகவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர் தன் சொந்த அக்கவுண்டோடு இருப்பதே மேல். வீட்டிலோ கடையிலோ ஒரே இடத்தில் இருக்கும் கணினிக்கு நான் லோக்கல்தான் போடுகிறேன். அத்துடன் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் கட்டாயம்.

பிரவுசரும் டைப்பிங்கும் மட்டும் போதும் என்பவர்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறேன். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும், மெயில் கேட்காது. முன்பு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததே, அதைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

கடை வைத்திருக்கும் சக தொழிலாளிகளே, கூட்டம் எனக்கும் தெரியும், அவசரமும் தெரியும். ஆனாலும் உங்கள் மெயிலை வாடிக்கையாளர் மெஷினில் போடாதீர்கள். இதுவரை போட்டிருந்தால், அந்த அக்கவுண்டைத் திறந்து, அதில் எத்தனை கணினிகளின் சாவி கிடக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அவரவர் சாவியைக் கொடுங்கள். அந்த அக்கவுண்டை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் அதை மூடிவிடும் உரிமை மைக்ரோசாஃப்டுக்கு உண்டு. மூடினால் அத்தனை பேரின் சாவியும் அதோடு போகும்.

மற்றவர்களே, உங்கள் லேப்டாப்பில் யுவர் இன்ஃபோவைத் திறந்து பாருங்கள். தெரியாத மெயில் இருந்தால் பதற வேண்டாம், எதையும் உடனே மாற்றவும் வேண்டாம், பயாஸ் அப்டேட் வந்தால் தள்ளிப் போடுங்கள். முதலில் எல்லாக் கோப்புகளையும் வெளி டிஸ்கில் நகலெடுங்கள். அடுத்து செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி உள்ளே டிவைஸ் என்கிரிப்ஷனை, அதாவது அந்த டிஸ்க் பூட்டை, அணையுங்கள். அது முழுவதும் அவிழ ஒரு மணி நேரம்கூட ஆகலாம், சார்ஜரைச் செருகி வையுங்கள். முடிந்த பிறகு லோக்கல் அக்கவுண்டுக்கு மாறுங்கள். குடியாத்தத்துக்காரர் வந்த அதே நாளில் ஆற்காட்டு ஸ்டுடியோக்காரரின் இரண்டாவது லேப்டாப்பில் இதைத்தான் செய்தோம், ஒரு படம்கூடப் போகவில்லை.