கிளாஸா, டியூஷனா? முதலில் மாக் டெஸ்ட் தாளைக் காட்டுங்கள்

தண்டையார்பேட்டையில் 14 வருடமாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் 9 வருடம் நீட் கோச்சிங் கிளாஸில், ஒரு பேட்சுக்கு 80 பேர். இப்போது வீடுகளுக்குப் போய், ஒவ்வொருவராக. மே மாதம் வந்துவிட்டால் போனில் ஒரே கேள்விதான்: "கிளாஸ்ல சேக்கலாமா சார், இல்ல வீட்டுக்கே சார் வர வெச்சுடலாமா?"

நான் உடனே பதில் சொல்வதில்லை. பிள்ளை கடைசியாக எழுதிய மாக் டெஸ்ட் தாளை, ரஃப் வொர்க் போட்ட பக்கங்களோடு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வேன்.

நீட்டில் 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். சரிக்கு 4 கூடும், தப்புக்கு 1 கழியும். விம்கோ நகரிலிருந்து ஒரு பெண்ணின் தாள் வந்தது. 170 கேள்வி தொட்டிருந்தாள். 95 சரி, 75 தப்பு. 380இல் 75 போய் 305. அம்மாவின் கண்ணில் பட்டது அந்த 305 மட்டும். நானும் அவளும் உட்கார்ந்து 75 தப்பையும் பிரித்தோம். பாடமே தெரியாமல் போனது இருபதுக்குள்தான். மற்றதில் சூத்திரம் சரியாக இருக்கும், பத்தின் அடுக்கைக் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருப்பாள். சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்திருப்பாள். உயிரியலில் 'தவறான கூற்று எது' என்று கேட்டால், சரியான கூற்றைத் தேடிப்பிடித்துக் குறித்திருப்பாள்.

இந்தப் பெண் தினமும் பள்ளி விட்டதும் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, அண்ணா நகருக்குப் போய்க்கொண்டிருந்தாள். போக வர இரண்டரை மணி நேரம். போய், தெரிந்த பாடத்தையே திரும்பக் கேட்டாள். 80 பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒரு பெண்ணின் ரஃப் வொர்க்கை யார் பார்ப்பார்கள்? நான் கிளாஸில் இருந்தவரை நானும் பார்த்ததில்லை. வார நாள் வகுப்பை நிறுத்திவிட்டு, அங்கேயே ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்டை மட்டும் தொடரச் சொன்னேன். வாரம் இரண்டு நாள் நான் போனேன்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு நேராகப் பிளஸ் டூவுக்குத் தாவும் பள்ளிகள் உண்டு. அங்கே படித்த பிள்ளைக்கு மூன்று பாடத்திலும் அடியே இருக்காது. அவர்களுக்குக் கிளாஸ்தான் சரி. இன்ன வாரம் இந்தப் பாடம், இன்ன தேதியில் டெஸ்ட் என்று இழுத்துக்கொண்டு போக ஆள் வேண்டும். ஒரு டியூஷன் வாத்தியாரால் அத்தனையும் முடியாது. முடியும் என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு விஷயம். கொருக்குப்பேட்டையில் ஒரு அப்பா மொத்தக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டிவிட்டார். ஆறாவது வாரமே பையன் போக மாட்டேன் என்றுவிட்டான். திருப்பித் தர முடியாது என்று கிளாஸில் கையை விரித்துவிட்டார்கள். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில், முழுப் பணம் கட்டியவர் நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான தொகையை 10 நாளுக்குள் தர வேண்டும் என்று இருக்கிறது. சேரும்போதே அதைக் காட்டி எழுதி வாங்குங்கள். தவணையாகக் கட்டுவது இன்னும் நல்லது. அப்புறம், பேனரில் சிரிக்கும் ரேங்க் பையன் அங்கே முழுக் கோர்ஸ் படித்தானா, வெறும் டெஸ்ட் சீரிஸ் மட்டும் எழுதினானா என்றும் கேளுங்கள். தமிழ்நாடு அரசின் பொறியியல் கலந்தாய்வில் சேர நுழைவுத் தேர்வே கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அது தெரியாமல், ஐஐடி, என்ஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇக்கு கிளாஸ் தேடி அலைபவர்களும் என்னிடம் வருகிறார்கள்.

டியூஷனுக்கும் ஒரு நோய் உண்டு. அதை என் தப்பிலிருந்தே தெரிந்துகொண்டேன். ராயபுரத்தில் ஒரு பையனுக்கு மூன்று பாடத்துக்கும் வீட்டிலேயே சார். இயற்பியலுக்கு நான். எட்டு மாதம், எந்தக் கணக்கு கொடுத்தாலும் போட்டுவிடுவான். முதல் முறையாக வெளியே போய் முழுத் தாள் எழுதினான். 118ஆவது கேள்வியில் நேரம் முடிந்துவிட்டது. வந்து சொன்னான்: "சார், நீங்க 'ம்' சொல்வீங்களேன்னு ஒவ்வொண்ணுலயும் நின்னுட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்து அவன் பேனா போகும் திசையைப் பார்த்து நான் போட்ட 'ம்'தான் அவனுக்குப் பாதி விடையாக இருந்திருக்கிறது. இப்போது எந்த வீட்டில் சேர்ந்தாலும் மாதம் ஒரு ஞாயிறு, மதியம் 2 மணிக்குக் கேள்வித்தாளையும் ஓஎம்ஆர் தாளையும் கொடுத்துவிட்டு நான் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். 5 மணிக்குத்தான் இறங்குவேன்.