மேசா: சொல்லும் குன்றும்

அமெரிக்கத் தென்மேற்கின் வறண்ட நிலங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'மெசா' என்ற சொல்லை அப்படியே போட்டுவிடுகிறார்கள். சிலர் 'பீடபூமி' என்று எழுதுகிறார்கள். பீடபூமி என்பது பிழை. மெசாவோ தேவையே இல்லை, ஏனென்றால் அந்தச் சொல் நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

உச்சி தட்டையாகவும் பக்கங்கள் செங்குத்தாகவும் உள்ள குன்றுதான் மேசா. ஸ்பானிய மொழியில் அதன் பொருள் மேசை. லத்தீன் 'மென்சா'வின் வழிவந்த சொல் அது. அதே மென்சா போர்த்துகீசியத்திலும் மேசா ஆயிற்று. முத்துக்குளித்துறைக்கு 16ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துகீசியர் வழியே சாவி, சன்னல், அலமாரி போலவே மேசையும் தமிழுக்குள் வந்தது. அதே நூற்றாண்டில், 1540இல், கொரோனாடோவின் ஸ்பானியப் படை இன்றைய அமெரிக்க மாநிலமான நியூ மெக்சிகோவுக்குள் நுழைந்தது. ஒரே சொல் இங்கே வீட்டுச் சாமானுக்கும் அங்கே குன்றுக்கும் பெயராயிற்று. எனவே மேசைக்குன்று என்று எழுதினால் மூலச்சொல்லையே எழுதியதாகிறது. மேசையும் இரவல் சொல்தானே என்பவர்கள் தட்டைக்குன்று எனலாம். அதுவும் நல்ல சொல். என் கை மேசைக்குன்றைத்தான் எழுதும்.

பீடபூமி மிகப் பரந்தது. அதை ஆறுகள் அறுத்துக் கூறுபோடும்போது, மேலே கெட்டிப்பாறை மூடியிருக்கும் துண்டுகள் தட்டையாக எஞ்சுகின்றன. அவைதான் மேசைக்குன்றுகள். பக்கங்கள் மேலும் சரிந்து, அகலத்தைவிட உயரம் மிஞ்சிவிட்டால் குத்துக்குன்று எனலாம்.

நியூ மெக்சிகோவில் சாங்கவி என்ற மேசைக்குன்று உண்டு. 1916இல் அமைந்த பாண்டலியர் தேசிய நினைவுச்சின்னத்தைச் சேர்ந்தது. சுற்றுப்பாதை ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர்தான், இடையிடையே மர ஏணிகளில் ஏற வேண்டும். பாறையெல்லாம் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டானது, மென்மையானது. அங்கே குடியிருந்தவர்கள் நடந்து நடந்து பாறையே தேய்ந்து வாய்க்கால் போலாகிவிட்டது; சில இடங்களில் முழங்கால் ஆழம். அகலம் ஓரடி அளவுதான். ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை வைத்துத்தான் போக முடியும். அவர்களும் அப்படித்தான் போயிருக்கிறார்கள். இதற்கு 'தடம்' என்ற நம் சொல் எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது! வழியும் அதுவே, கால் பதிந்த அடையாளமும் அதுவே.

தெற்குப் பார்த்த சரிவில், குளிர்கால வெயில் விழும் பக்கமாக, கற்கருவிகளால் குடைந்த அறைகள் இருக்கின்றன. இவற்றைக் 'குகை' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. குகை தானாகவும் உண்டாகும். மனிதன் குடைந்ததற்குக் குடைவரை என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. உள்ளே அண்ணாந்து பார்த்தால் கூரை கரியேறிக் கறுத்திருக்கும். பாறை பொடிப்பொடியாய் உதிராமலிருக்க அவர்கள் புகையூட்டிக் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள். வெளிச்சுவரில் வரிசையாக உள்ள துளைகள், முன்னால் கட்டியிருந்த வீடுகளின் உத்தரம் செருகிய இடங்கள். பாறையில் கொத்திய உருவங்களை 'ஓவியம்' எனக் கூடாது. வண்ணம் தீட்டினால்தான் பாறை ஓவியம்; இவை பாறைச் செதுக்குகள். தரையில் கிடக்கும் பானையோட்டைக் கையிலெடுத்துப் பார்த்தால், எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

15ஆம் நூற்றாண்டு முதல் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இங்கே ஊர் இருந்தது. அந்த மக்களின் வழித்தோன்றல்கள் பேசும் டேவா மொழியில் அதன் முழுப்பெயருக்கு 'இரு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே, கூர்முள் உருண்டைக் கள்ளிகள் நிற்குமிடத்து ஊர்' என்று பொருள். இந்த மக்களை 'அனசாசி' என்று எழுதுவதை விட்டுவிட வேண்டும். அது நவஹோ என்ற வேறொரு பழங்குடியின் மொழிச்சொல். பகைவரின் முன்னோர் என்ற பொருளும் அதற்கு உண்டு. வழித்தோன்றல்கள் அதை விரும்புவதில்லை. 'மறைந்த இனம்' என்பதும் பொய். அவர்களின் பேரர்கள் அருகிலேயே, சான் இல்தெபோன்சோ புவெப்லோவில் வாழ்கிறார்கள். ஆகவே, முன்னோர் புவெப்லோ மக்கள் என்று எழுதுவோம். புவெப்லோ என்பதும் ஸ்பானியச் சொல்தான். அதற்கு ஊர் என்றும் மக்கள் என்றும் பொருள்.