மத்தியஸ்தம் செய்யாத பிறபொருளெதிரி

மாங்குளத்தில் எங்கள் பக்கத்து வளவு அண்ணைக்குச் சிறுநீரகம் மாற்றி மூன்று வருடம். கொடுத்தது அவருடைய தங்கச்சி. கிளினிக்குக்குப் போய்வந்த ஒருநாள் ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டி, "தம்பி, உதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்றார். மாற்றிய உறுப்பை உடல் ஏன் ஏற்க மறுக்கிறது என்று விளக்கும் தாள். நடுவில் தடித்த எழுத்தில் "பிறபொருளெதிரி மத்தியஸ்த நிராகரிப்பு" என்று இருந்தது. பிறபொருளெதிரி என்றால் அந்நியமானதை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம், ஆங்கிலத்தில் அன்டிபொடி. நான் அடுத்த வரிக்குப் போக முதலே அண்ணை கேட்டார்: "மத்தியஸ்த சபைக்குப் போனா நிராகரிக்கிறதோ? அங்க சமாதானம் எல்லோ செய்துவைப்பினம்?"

சிரிப்பு வந்தது. ஆனால் இதே சொல்லைக் காணொளிகளிலும் மாணவர் குறிப்புகளிலும் கண்டு கண்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் இது.

வேர் எளிது. மத்திய, ஸ்த என்ற இரண்டும் வடமொழி. நடுவில் நிற்பவர் மத்தியஸ்தர். தாளிலுள்ள தொடர் ஆங்கில 'அன்டிபொடி மீடியேட்டட் ரிஜெக்ஷன்' என்பதன் மொழிபெயர்ப்பு. அந்த 'மீடியேட்' என்பதும் நடு என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் அதற்கு ஆங்கிலத்தில் இரண்டு வேலை. ஒன்று, சமரசம் பேசுவது. மற்றது, ஒன்று நிகழ்வதற்கு வழியாக அமைவது. மருத்துவத்தில் வருவது இரண்டாவது. மொழிபெயர்ப்பாளர் அகராதியின் முதல் வரியோடு எழுந்து போய்விட்டார்.

வேறெங்கும் இது சின்னப் பிழை. வன்னியில் அப்படியில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த மத்தியஸ்த சபையை இங்கே எல்லாருக்கும் தெரியும். வேலிச்சண்டை, கைமாற்றுக் காசு, பக்கத்து வயலுக்குள் போன மாடு எல்லாம் அங்கேதான் போகும். இணக்கம் வந்தால் கையெழுத்து, வராவிட்டால் சான்றிதழை வாங்கிக்கொண்டு நீதிமன்றம். 2002இல் சமாதானப் பேச்சுக்கு நோர்வே வந்தபோது அவர்கள் மத்தியஸ்தரா அனுசரணையாளரா என்று கிளிநொச்சித் தேநீர்க்கடைகளிலும் பேச்சு நடந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்திரிகை படித்தே அறிந்த சனம். அவர்களிடம் போய், பிறபொருளெதிரி மத்தியஸ்தம் செய்கிறது என்றால் என்ன விளங்கும்?

பிறபொருளெதிரி என்ற சொல்லில் எனக்குக் குறையில்லை. பிற பொருளை எதிர்ப்பது. பெயரிலேயே வேலை இருக்கிறது. தங்கச்சியின் சிறுநீரகம் அண்ணைக்குப் பிறபொருள் இல்லைத்தான், ஆனால் உடலுக்கு உறவுமுறை தெரியாது. 1954இல் பொஸ்டனில் செய்த சிறுநீரக மாற்று வெற்றியானது, கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையர் என்பதால். மற்றவர்களில், புதிய உறுப்பின் இரத்த நுண்குழாய்களின் உட்சுவரில் இருக்கும், ஆளுக்கு ஆள் வேறுபடும் அடையாளங்களான எச்.எல்.ஏ. புரதங்களை அந்நியமென்று கண்டு பிறபொருளெதிரிகள் ஒட்டிக்கொள்ளலாம். பிறகு பிறபொருளெதிரிக்குத் துணையாக இரத்தத்தில் இருக்கும் நிரப்பிப் புரதங்கள் கிளம்பும், என்.கே. கலங்கள் என்ற கொல்லி வெள்ளையணுக்கள் வரும், குழாய்ச்சுவர் புண்படும். இதில் யார் நடுவில் நின்றது? வழக்காளியே பொல்லோடு நிற்கிறான்.

சரி, மத்தியஸ்தம் வேண்டாம் என்றால் தனித்தமிழ் அன்பர்கள் உடனே 'இடையீட்டு நிராகரிப்பு' என்று நீட்டுகிறார்கள். இது இன்னும் மோசம். இடையீடு என்றால் தமிழில் தடை, குறுக்கீடு, நடுவில் விழும் இடைவெளி. பேச்சுக்கு இடையீடு வந்தால் பேச்சு நிற்கிறது. அப்படியானால் பிறபொருளெதிரி இடையிட்டதும் நிராகரிப்பு நிற்கவேண்டுமே! நடக்கிறதற்கு நேரெதிரான பொருள். வடமொழி போனது, பொருளும் அதோடு போனது. வடமொழி என்பதற்காக நான் எதையும் தள்ளவில்லை. நிராகரிப்பும் வடமொழிதான், நிராகரணம் என்ற சொல்லை உமாபதி சிவாசாரியார் தம் சாத்திர நூலொன்றின் பெயரிலேயே வைத்திருக்கிறார். வீட்டுத்திட்ட விண்ணப்பத்தோடு அலைந்தவர்களுக்கு அந்தச் சொல்லை நான் விளக்கத் தேவையுமில்லை. விளங்குகிற சொல் இருக்கட்டும்.

'ஊடான' என்று எழுதுவோரும் உண்டு. பொருள் கெடவில்லை. ஆனால் இப்போது எங்கள் அறிக்கைகளில் எல்லாமே ஊடாகத்தான் நடக்கிறது. கூட்டம் ஊடாக, கடிதம் ஊடாக, பிரதேச செயலகம் ஊடாக. அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம்.

இவ்வளவுக்கும் கையிலேயே ஒரு சொல் கிடக்கிறது: வழி. பிறபொருளெதிரிவழி நிராகரிப்பு. பேச்சில், பிறபொருளெதிரியால் வரும் நிராகரிப்பு. மலேரியா வன்னியை ஆட்டிப்படைத்த காலத்தில் 'நுளம்பு மத்தியஸ்த மலேரியா' என்று ஒருவரும் சொல்லவில்லை. நுளம்பால் வருகிற காய்ச்சல் என்றோம், விளங்கியது.

வழி என்பதற்கு இன்னொரு வசதி. நிராகரிப்புக்கு முக்கியமான வழிகள் இரண்டு. மற்றது ரி கலவழி, அதாவது ரி கலம் என்ற வெள்ளையணுவே நேரில் தாக்குவது. மருந்து வேறு என்பதால் எந்த வழி என்று பிரித்தறிவது வைத்தியருக்குப் பெரிய தலையிடி. 1991இல் கனடாவின் பான்ஃப் நகரில் தொடங்கிய வகைப்பாட்டின்படி, சிறுநீரகத்திலிருந்து எடுத்த சிறு துணுக்கை நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். நிரப்பிப் புரதம் விட்டுப்போன சீ4டி என்ற எச்சம் நுண்குழாய்களில் தெரிந்தால் பிறபொருளெதிரியைச் சந்தேகிக்கலாம். ஆனால் எச்சமே இல்லாமலும் தாக்குதல் நடக்கும். அங்கேதான் மரபணு வெளிப்பாடு உதவுகிறது. ஓர் ஆளின் ஏறக்குறைய எல்லாக் கலத்திலும் மரபணுத் தொகுதி ஒன்றே, எது எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பதுதான் வேறு. மரபணு வாசிக்கப்படும்போது உண்டாகும் பிரதிதான் ஆர்.என்.ஏ., துணுக்கில் அதன் அளவுகளைப் பார்த்தால் அது தெரியும். எட்மன்டனில் பிலிப் ஹலோரன் குழுவினர் இதில் நிறைய வேலை செய்தவர்கள். நோயெதிர்ப்புக் கலங்கள் சுரக்கும் இன்டர்பெரோன் காமா என்ற புரதம் தூண்டும் மரபணுக்கள் இரண்டு வழியிலும் ஏறும், ஆகவே அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல ஏலாது. குழாய்ச்சுவர்க் கலங்களுக்கும் என்.கே. கலங்களுக்கும் உரியவை சேர்ந்து ஏறினால் பிறபொருளெதிரிவழியின் பக்கம் சாயலாம். 2013 பான்ஃப் கூட்டத்தில், சரிபார்க்கப்பட்ட மரபணு வெளிப்பாட்டு அளவையும் சான்றுகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

வெளிப்பாடு என்ற சொல்லும் எனக்கு முழுத் திருப்தியில்லை. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்துச் சிறுநீரக நோயைப் பற்றிப் பேச வருகிறவர்கள், மருந்தடிக்கும்போது உடலில் நஞ்சு படுவதை 'இரசாயன வெளிப்பாடு' என்கிறார்கள். 'எக்ஸ்பிரஷன்', 'எக்ஸ்போஷர்' என்ற இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல். படுகிறதை ஆட்படல் என்று வைத்துக்கொண்டு, வெளிப்பாட்டை மரபணுவுக்கு விட்டுவிடலாம். அண்ணையின் தாளில் மத்தியஸ்தத்தைப் பேனையால் வெட்டி 'வழி' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப வழியை மறிக்கத்தான் உந்தக் குளிசையோ?" என்றார்.