நிலத்துக்கு அடியில் கரி இருந்தால்: 1957 சட்டத்தில் நில உரிமையாளருக்கு என்ன கிடைக்கும்?

வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரியும் கரி, ஒடிசாவின் தால்ச்சேர், ஈப் பள்ளத்தாக்குச் சுரங்கங்களில் வெட்டப்பட்டு, ரயிலில் பாராதீப் துறைமுகம் போய், கப்பலேறி எண்ணூர் வருகிறது. அதை வெட்டுவது மகாநதி கோல்ஃபீல்ட்ஸ். மத்திய அரசின் கோல் இந்தியா நிறுவனத்துக்குத் துணை நிறுவனம். நமக்கு மின்சாரமாக வந்து சேரும் அந்தக் கரிக்கு மேலே ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் நெல்வயல் இருந்தது. அந்த வயல் எப்படிக் கைமாறியது, பதிலுக்கு அவருக்கு என்ன வந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கோல் இந்தியா 1975 நவம்பரில் உருவானது. 1971 முதல் 1973 வரை தனியார் சுரங்கங்களை அரசு கையில் எடுத்துக்கொண்டதன் தொடர்ச்சி அது. தலைமையகம் கொல்கத்தா. நாட்டில் வெட்டப்படும் நிலக்கரியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இதன் துணை நிறுவனங்களிடமிருந்து வருகிறது. 2023-24இல் அது 77 கோடி டன்னைத் தாண்டியது. இதில் மிகப் பெரும்பகுதி திறந்தவெளிச் சுரங்கம். அதாவது மேல்மண்ணை முழுக்க அள்ளிப் போட்டுவிட்டுத்தான் கரியைத் தொட முடியும். அதனால்தான் இந்தத் தொழிலில் எந்தப் பேச்சும் கடைசியில் நிலத்தில் வந்து நிற்கிறது.

நிலம் எடுக்க இவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது 1957ஆம் ஆண்டின் நிலக்கரிப் பகுதிகள் (கையகப்படுத்தல் மற்றும் மேம்பாடு) சட்டம். வேறு பணிகளுக்கு நிலம் எடுக்கும்போது 2013ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தல், மறுவாழ்வுச் சட்டப்படி சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது ஊராரின் வாழ்க்கை எப்படிப் பாதிக்கப்படும் என்ற ஆய்வு, நடத்த வேண்டும். இந்த 1957 சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. கிராம சபையின் சம்மதத்தையும் இந்தச் சட்டம் கேட்பதில்லை. ஆனால் எடுக்கும் நிலத்தில் காடு இருந்தால், 2006 வன உரிமைச் சட்டப்படி ஊராரின் உரிமைகளைத் தீர்த்துவைப்பது தனிக் கடமை. அதை ஊர் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நடைமுறை மூன்று அரசிதழ் அறிவிப்புகளில் நகர்கிறது. முதலாவது, பிரிவு 4(1): இந்த இடத்தில் கரி இருக்கிறதா என்று பார்க்கப் போகிறோம். அதன்பின் அதிகாரிகள் நிலத்துக்குள் வந்து அளக்கலாம், துளையிடலாம். சேதம் செய்தால் அதற்குத் தனி இழப்பீடு உண்டு. கரி கிடைத்தால் இரண்டு ஆண்டுக்குள், நீட்டித்தால் மூன்று ஆண்டுக்குள், பிரிவு 7(1) அறிவிப்பு வர வேண்டும்: எடுக்கும் எண்ணம் இருக்கிறது. ஆட்சேபம் சொல்ல உரிய இடம் இதுதான். அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நேரிலோ வக்கீல் வைத்தோ பேசவும் உரிமை உண்டு. நிலம் முழுவதையும் எடுக்கக் கூடாது என்றும் சொல்லலாம், ஒரு பகுதியை மட்டும் விடுங்கள் என்றும் சொல்லலாம். 'கரியை நானே வெட்டிக்கொள்கிறேன்' என்பதை மட்டும் சட்டம் ஆட்சேபமாக ஏற்காது. அவசரம் என்று அரசு கருதினால் இந்தக் கட்டத்தையே தாண்டிப்போகப் பிரிவு 9ஏ இடம் தருகிறது. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் உறுத்தும் இடம் அது.

மூன்றாவது, பிரிவு 9 அறிவிப்பு. 7(1)க்குப் பின் மூன்று ஆண்டுக்குள் இது வந்தாக வேண்டும். வெளியான அன்றே நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் மத்திய அரசுக்குச் சொந்தமாகிவிடுகிறது. பிறகு ஒரு உத்தரவில் கம்பெனிக்குப் போகிறது. பணம் கைக்கு வந்ததா இல்லையா என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை. உரிமையாளர் அதே வீட்டில் இருப்பார், அதே வயலை உழுவார், ஆனால் காகிதத்தில் நிலம் அவருடையது அல்ல.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டமே சாட்சி. அங்கே நிலம் 1987இல் கையகமானது. இருபது ஆண்டு கடந்தும் இழப்பீடு வரவில்லை. நிலத்தை இழந்தவர்களில் பழங்குடியினரும் உண்டு. நிலத்தை விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2010இல் இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தீர்க்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கோரிக்கை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் தகராறு தீராமல் 2022 நவம்பரில் நீதிமன்றம் மறுபடி ஒரு விரிவான தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஒரு தலைமுறை முழுக்கக் காத்திருந்த கதை இது. ஆகவே அறிவிப்பு வந்த தேதியை எழுதி வைத்துக்கொள்வது வீண் வேலை இல்லை.

இனி பணம். 1957 சட்டம் எடுத்துக்கொள்ளும் சந்தை விலை, முதல் அறிவிப்பான 4(1) வெளியான நாளின் விலை. அடியில் கிடக்கும் கரியின் மதிப்பை அதில் சேர்க்க மாட்டார்கள். 2015இல் ஒரு முக்கிய மாற்றம் வந்தது. 2013 சட்டத்தின் இழப்பீட்டு அட்டவணையும் மறுவாழ்வு அட்டவணைகளும் இந்த நிலங்களுக்கும் பொருந்தும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. 2015 செப்டம்பர் 1 முதல் அது நடைமுறை. கணக்கு இப்படிப் போகும்: ஏக்கர் சந்தை விலை 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கிராமப்புறத்தில் அதை 1 முதல் 2 வரையிலான ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து மாநிலம் அதை முடிவு செய்கிறது. 1.5 என்றால் 7.5 லட்சம். மரம், கிணறு, வீடு சேர்ந்து 1 லட்சம் பெறும் என்றால் 8.5 லட்சம். நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதற்காகத் தரும் ஆறுதல் தொகை அதே அளவு சேர்ந்து 17 லட்சம்.

சந்தை விலையைக் கணிக்க, முந்தைய மூன்று ஆண்டில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களைப் பார்க்கிறார்கள். அவற்றில் விலை கூடிய பாதியின் சராசரியை எடுக்கிறார்கள். முத்திரைத்தாள் செலவை மிச்சப்படுத்தப் பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடும் பழக்கம் இந்த இடத்தில் ஊரையே அடிக்கும்.

நிலமில்லாதவர்கள் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு. அந்த நிலத்தை நம்பி மூன்று ஆண்டாகப் பிழைத்துவரும் கூலித் தொழிலாளியும் குத்தகைதாரரும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். குடும்பத்துக்கு ஒரு வேலை, இல்லாவிட்டால் ஒரே தவணையாக 5 லட்சம், அதுவும் இல்லாவிட்டால் 20 ஆண்டுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்பது அட்டவணையின் ஏற்பாடு. வீட்டை விட்டுப் போக நேர்ந்தால் ஓராண்டுக்கு மாதம் 3,000, சாமான் கொண்டுபோக 50,000, குடியமர்வுப் படி 50,000 தனி. கோல் இந்தியாவில் இன்னொரு வழக்கமும் உண்டு: இரண்டு ஏக்கருக்கு ஒரு வேலை. குறைந்த நிலம் உள்ளவர்கள் சேர்ந்து இரண்டு ஏக்கர் காட்டி ஒருவரை அனுப்பலாம். ஒடிசாவில் மாநில அரசின் 2006 மறுவாழ்வுக் கொள்கையைப் பின்பற்றுகிறார்கள். வேலையா பணமா என்பதை எழுத்தில் தேர்ந்தெடுக்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்; சேர்ந்து கொடுத்த நிலத்துக்கு ஒருவர் வேலைக்குப் போனால் மற்றவர்களுக்கு அவர் என்ன தருவார் என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

தொகையில் உடன்பாடு வராவிட்டால் தீர்ப்பாயம் போகலாம், அங்கிருந்து உயர் நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு.

சுரங்கம் ஓடத் தொடங்கிய பின்னும் ஒரு பாத்தியதை உண்டு. கரி விலையில் 14 சதவீதம் ராயல்டியாக மாநில அரசுக்குப் போகிறது. பழைய சுரங்கங்கள் அந்த ராயல்டியில் 30 சதவீத அளவுக்குக் கூடுதலாக மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். 1,000 ரூபாய்க் கரிக்கு 42 ரூபாய். குடிநீர், மருத்துவம், பள்ளிக்கூடம் என்று பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே செலவாக வேண்டிய பணம் இது.

நெய்வேலிக்காரர்கள் இதை அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது. அங்கே பழுப்பு நிலக்கரி வெட்டும் என்.எல்.சி.யும் மத்திய அரசு நிறுவனம்தான், ஆனால் அங்கே நிலம் எடுக்கப்படுவது தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு தொழில் நோக்க நிலக் கையகப்படுத்தல் சட்டத்தின் கீழ். அதற்கு உயிர்கொடுத்த 2019 சட்டம் செல்லும் என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும். ஆகவே கையில் வரும் காகிதத்தில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்ற மூன்றையும் முதலில் பார்த்துவிட்டு, பிறகு வக்கீலிடம் போங்கள்.