முப்பத்தாறு என்று மட்டும் சொன்னால் போதாது: பால் நிறுத்திய பிறகு பிரா அளவு

ஈரோடோ கோபியோ பொள்ளாச்சியோ, ஜவுளிக்கடையில் பேச்சு இப்படித்தான் போகும். "என்ன சைஸுங்கக்கா?" "முப்பத்தாறு குடுங்க." அட்டைப்பெட்டி மேசைக்கு வரும். கறுப்பா, சந்தன நிறமா என்று மட்டும் பார்த்துவிட்டு பில் போட்டுவிடுவார்கள். கப்பின் கொள்ளளவைச் சொல்லும் ஏ, பி, சி எழுத்தைப் பற்றி வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் பி கப்.

குழந்தை பிறப்பதற்கு முன்பு இந்த ஒற்றை எண் ஏதோ ஒப்பேறிவிடும். பால் கொடுத்து நிறுத்திய பிறகு ஒப்பேறாது. மார்பும் அதைத் தாங்கும் விலாக்கூடும் வெவ்வேறு வேகத்தில் மாறியிருக்கும்; ஒன்று சுருங்க, மற்றொன்று விரிந்தே நிற்கலாம். இரண்டையும் ஒரே எண்ணால் சொல்ல முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது

மார்பின் உட்புறம் பால் சுரப்பித் திசு, கொழுப்பு, இவற்றைத் தோலோடும் நெஞ்சுத் தசையோடும் பிணைக்கும் மெல்லிய நார்கள் என மூன்றும் கலந்தது. அந்த நார்களை விவரித்தவர் லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர். அவருடைய நூல் வந்தது 1840-ல். இன்றும் அவை கூப்பர் நார்கள்தான். கர்ப்பத்தில் ஹார்மோன்களின் தூண்டுதலால் சுரப்பித் திசு பெருகிக் கொழுப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கனத்துக்கு ஈடுகொடுத்துத் தோலும் நார்களும் நீள்கின்றன.

குழந்தைக்குப் பால் மறக்கடித்ததும் கதை திரும்புகிறது. வெளியேறாமல் தேங்கும் பாலே "இனி சுரக்க வேண்டாம்" என்ற செய்தியாகி, சுரப்பிச் செல்கள் தாமாகவே மடியத் தொடங்குகின்றன. காலியான இடத்தில் கொழுப்புச் செல்கள் மறுபடி நிறைகின்றன. சிக்கல் இதில்தான்: சுரப்பி சுருங்கும் வேகத்துக்குக் கொழுப்பு நிறைவதில்லை. நீண்ட தோலும் அதே வேகத்தில் சுருங்காது. அதனால் முதல் சில வாரங்களுக்கு மார்பு காற்று இறங்கிய பலூன் போலத் தொளதொளவென்று, மேற்பகுதி தட்டையாக, கனமெல்லாம் கீழே இறங்கியதுபோல் இருக்கும். இது பலருக்கும் இடைக்காலத் தோற்றம்தான். மாதங்கள் போகப் போக ஓரளவு நிறையும். பழைய வடிவத்துக்கே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

"பால் கொடுத்துத்தான் தொங்கிப்போச்சு" என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது. வயது, உடல் பருமன், எத்தனை முறை கர்ப்பம், முதலிலேயே இருந்த மார்பின் அளவு, புகைப்பழக்கம் ஆகியவை தளர்வோடு சேர்ந்து வந்தன. பால் கொடுத்தது தனிக் காரணமாகத் தெரியவில்லை. தோலை நீட்டுவது கர்ப்பம். பழி பாலின் மேல் விழுகிறது.

இன்னொன்று: பால் சுரப்பு ஒவ்வொரு மார்பிலும் தனித்தனியாகத்தான் கட்டுப்படுகிறது. குழந்தை இடப்பக்கமே விரும்பிக் குடித்திருந்தால் வலப்பக்கம் முன்னதாகவே வற்றியிருக்கும். ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் இருப்பதற்கு இது ஒரு சாதாரணக் காரணம்.

விலாக்கூட்டின் கணக்கு வேறு. கர்ப்பத்தில் கீழ் விலா எலும்புகள் வெளிப்பக்கம் விரிந்து மார்புக்கூட்டின் சுற்றளவு 5 முதல் 7 செ.மீ. வரை கூடுகிறது. பிரசவத்துக்குப் பிறகு அது மெல்லத்தான் இறங்கும். சிலருக்கு முழுவதும் இறங்காமலும் நின்றுவிடும்.

எப்போது அளப்பது

கடைசியாகப் பால் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் பொறுப்பது நல்லது. அதற்குள் வாங்கியே ஆக வேண்டும் என்றால் வயர் இல்லாத, நன்றாக நீளும் துணியில் இரண்டு போதும். விலை உயர்ந்த கப் பிராவில் பணத்தைப் போடாதீர்கள். மாதவிலக்கு திரும்பியிருந்தால், விலக்கு முடிந்த அடுத்த சில நாட்களில் அளக்க வேண்டும். அதற்கு முந்தைய வாரத்தில் மார்பு நீர் கோத்து வீங்குவதால் அளவு கூடுதலாகக் காட்டும்.

பால் வற்ற இறுக்கிக் கட்டும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. மல்லிகையை வைத்துக் கட்டுவதும் உண்டு. சத்தியமங்கலம் பக்கத்தில் பூவுக்கா பஞ்சம்? அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. 1988-ல் வேலூர் மருத்துவர்கள் மல்லிகைப் பூவைப் பால் நிறுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பால் கட்டும் தொல்லை இரண்டிலும் ஒரே அளவுக்குக் குறைந்ததாக எழுதினார்கள். பூ இருக்கட்டும், இறுக்கம் வேண்டாம். இறுக்கிக் கட்டினாலும், சின்ன பிராவை மாட்டிப் பிதுக்கினாலும் பால்குழாய் அடைத்து, கட்டி விழுந்து, காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

இஞ்ச் டேப்பை எடுங்கள்

தையல்காரர் வைத்திருக்கும் அதே டேப்தான். ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் செ.மீ. இருக்கும். செ.மீ. பக்கத்தைப் பயன்படுத்துங்கள், கணக்குப் பிசகாது. மேலே துணி இல்லாமல், அல்லது பேட் இல்லாத மெல்லிய பிராவோடு, கண்ணாடி முன் நில்லுங்கள்.

முதலில் மார்புக்கு நேர் கீழே, மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு, டேப்பை இறுக்கமாகச் சுற்றி அளக்க வேண்டும். முதுகில் டேப் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். இது கீழ்ச்சுற்று.

அடுத்தது மார்புச் சுற்று. பால் நிறுத்தியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். நின்றபடி அளந்தால் தளர்ந்த திசு கீழே இறங்கிக் கிடக்கும். டேப் வெறும் மேற்பரப்பைத் தொட்டுவிட்டுப் போய்விடும். அதனால் இரண்டு முறை அளக்க வேண்டும்: நேராக நின்று ஒரு முறை, இடுப்பை மடக்கி முதுகு தரைக்கு இணையாகும்படி குனிந்து ஒரு முறை. இரண்டிலும் காம்புக்கு நேராக, அழுத்தாமல், டேப் தோலைத் தொட்டால் போதும். இரண்டின் சராசரிதான் உங்கள் மார்புச் சுற்று.

இப்போது எண், அதாவது மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றும் பட்டையின் அளவு. கீழ்ச்சுற்று 63 முதல் 67 செ.மீ. வரை என்றால் 30. 68 முதல் 72 வரை 32. 73 முதல் 77 வரை 34. இப்படி ஒவ்வொரு 5 செ.மீ.க்கும் ஒரு படி: 78 முதல் 82 வரை 36, 83 முதல் 87 வரை 38, 88 முதல் 92 வரை 40. கப்புக்கு, மார்புச் சுற்றிலிருந்து கீழ்ச்சுற்றைக் கழியுங்கள். வித்தியாசம் 12 முதல் 14 வரை ஏ, 14 முதல் 16 வரை பி, 16 முதல் 18 வரை சி, 18 முதல் 20 வரை டி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழ்ச்சுற்று 76, நின்று அளந்தால் 90, குனிந்து அளந்தால் 95. நின்ற அளவை மட்டும் நம்பினால் வித்தியாசம் 14, அதாவது ஏ-க்கும் பி-க்கும் நடுவில். சராசரி 92.5, வித்தியாசம் 16.5. சி கப். போட்டுப் பார்க்கத் தொடங்க வேண்டியது 34 சி. பால் கொடுத்த காலத்து 38 பி ஃபீடிங் பிராவையே இவர் இன்னும் மாட்டிக்கொண்டிருந்தால், 76 செ.மீ. உடம்பைச் சுற்றி 85 செ.மீ. உடம்புக்குத் தைத்த பட்டை தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எடையைப் பட்டை தாங்காது, தோள் தாங்கும்.

கப் எழுத்து தனியாக எதையும் சொல்லாது என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். 34 சி-யின் கப்பும் 34 ஏ-யின் கப்பும் ஒரே பட்டைக்கு இரண்டு கொள்ளளவு. ஆனால் 34 சி, 36 பி, 32 டி மூன்றின் கப்பும் கொள்ளளவில் ஒன்றுதான், பட்டைதான் வேறு. பட்டை ஒரு படி கூடினால் எழுத்து ஒரு படி குறைய வேண்டும். கடையில் 34 சி இல்லை என்று 36 சி-யை நீட்டினால் அது கப்பிலும் பெரியது. பட்டை கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் பரவாயில்லை என்றால் கேட்க வேண்டியது 36 பி.

இணையத்துக் கணக்குப்பொறிகள் சிலவற்றில் இதே உடம்புக்கு 30 ஈ என்று வந்து திகைக்க வைக்கும். 76 செ.மீ. என்பது 30 அங்குலம். பழைய முறை அதோடு 4 கூட்டி 34 என்கிறது. கீழ்ச்சுற்று ஒற்றைப்படையாக வந்தால் 5 கூட்டும். புதிய பிரிட்டிஷ் முறை எதையும் கூட்டாமல் 30 என்றே வைத்து, வித்தியாசத்தையெல்லாம் கப்பில் ஏற்றுகிறது. நம் கடைகளில் ஓடுவது பெரும்பாலும் கூட்டும் முறை. இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

இந்தக் குழப்பம் திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் வாங்குகிறவர்களுக்குக் கூடுதலாக வரும். லேபிளில் 75 பி, 90 பி, 34 பி என்று மூன்று எண் அச்சடித்திருக்கும். மூன்றும் ஒரே பிராதான்: ஐரோப்பாவுக்கு 75, பிரான்சுக்கு 90, பிரிட்டனுக்கு 34. 90-ஐப் பார்த்து ஏதோ பெரிய சைஸ் என்று ஒதுக்கிவிட வேண்டாம். டி கப்பைத் தாண்டினால் எழுத்தும் பிரியும். ஐரோப்பிய 75 ஈ, பிரிட்டனில் 34 டபுள் டி. செகண்ட்ஸ், அதாவது குறை இருந்து ஒதுக்கிய சரக்குக் குவியலில் எடுப்பதானால் இரண்டு கப்பையும் ஒன்றின் மேல் ஒன்று மடித்து வைத்துப் பாருங்கள். கட்டிங்கிலோ தையலிலோ பிசகியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

போட்டுப் பார்க்கும்போது

டேப் சொல்வது தொடக்கப் புள்ளிதான். முடிவு சொல்வது உடம்பு. கொக்கியை வெளி ஓரத்து வரிசையில் மாட்டுங்கள். அதுதான் மிகத் தளர்ந்தது. புது பிரா அந்த வரிசையிலேயே கச்சிதமாக இருக்க வேண்டும். உள் வரிசைகள், எலாஸ்டிக் தளரத் தளர இறுக்கிக்கொள்வதற்கு.

பிறகு முன்னால் குனிந்து, வலது கையை இடது கப்புக்குள் விட்டு, அக்குளை ஒட்டி ஒதுங்கிய சதையை முன்பக்கம் திரட்டிக் கப்புக்குள் கொண்டுவாருங்கள். மறுபக்கமும் அப்படியே. தளர்ந்த மார்புக்கு இந்த ஒரு செயல் இல்லாமல் சரியான அளவு தெரியவே தெரியாது. "கப் தொளதொளன்னு இருக்கு" என்று திருப்பிக் கொடுக்கப்படும் பிராக்களில் பல இதைச் செய்தவுடன் நிறைந்துவிடும். சில, நிறைந்து வழியும்.

இனிக் கண்ணாடியைப் பாருங்கள். பட்டை முதுகில் மேலே ஏறினால் பட்டை பெரிது. ஸ்ட்ராப் தோளில் தடம் பதித்தாலும் பெரும்பாலும் குற்றவாளி பட்டைதான். அது செய்ய வேண்டிய வேலையை ஸ்ட்ராப் செய்கிறது. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. நடுப்பகுதி நெஞ்செலும்பில் படியாமல் தூக்கி நின்றாலோ, கப் விளிம்புக்கு மேலே சதை இரண்டாகப் பிரிந்து தெரிந்தாலோ கப் சிறிது. பட்டை இறுக்குகிறதா, கப் இறுக்குகிறதா என்று சந்தேகம் வந்தால் பிராவைத் திருப்பி, கப் முதுகில் இருக்கும்படி மாட்டிப் பாருங்கள். அப்போது பட்டை சுகமாக இருந்தால் பட்டையில் குறையில்லை. மார்புக்குக் கப் போதாமல்தான் பட்டை இழுபடுகிறது.

கப்பின் மேல் விளிம்பில் மட்டும் இடைவெளி விழுந்தால் அவசரப்பட்டுச் சின்ன கப்புக்குப் போகாதீர்கள். அது அளவின் குற்றம் இல்லை, வடிவத்தின் குற்றம். மேற்பகுதி தட்டையாகிக் கீழ்ப்பகுதி நிறைந்த மார்புக்கு, உயரமான கெட்டி அச்சு கப் பொருந்தாது. சின்ன கப் போட்டால் கீழே நசுங்கும், மேலே அப்போதும் இடைவெளி இருக்கும். தாழ்ந்த விளிம்புள்ள கப், அல்லது மேல் பாதி நீளும் லேஸ் வைத்த கப்தான் இதற்கு விடை. இரண்டு பக்கமும் வேறு அளவு என்றால் பெரிய பக்கத்துக்கு வாங்கி, சிறிய பக்கத்தில் கழற்றி மாட்டும் பேடை வையுங்கள்.

விலாக்கூடு இன்னும் இறங்காமல் பட்டை மட்டும் ஒரு விரல் அளவுக்கு இறுக்கினால், ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் நீட்டிப்புக் கொக்கித் துண்டு போதும். விலை அற்பம். உடம்பு இறங்கியதும் கழற்றிவிடலாம்.

அளவோடு சம்பந்தமில்லாமல் கவனிக்க வேண்டியவையும் உண்டு. பால் நிறுத்திய பிறகு சில வாரம், சில மாதம் பிதுக்கினால் சொட்டு வருவது வழக்கம். ஆறு மாதம் கடந்தும் தானாக ஒழுகினாலோ, இரத்தம் கலந்து வந்தாலோ, கரையாத கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

பட்டையின் பிடி முழுவதும் அதற்குள் ஓடும் ஸ்பாண்டெக்ஸ் இழையில் இருக்கிறது. திருப்பூர்க்காரர்கள் லைக்ரா என்பது அதைத்தான். 1958-ல் டுபான்ட் ஆய்வகத்தில் பிறந்த இந்த இழைக்குச் சூடும் பிளீச்சும் ஆகாது. கொதிக்கும் வெந்நீர், முறுக்கிப் பிழிதல், மொட்டை மாடியில் சித்திரை வெயில் மூன்றும் அதன் ஆயுளைத் தின்றுவிடும். ஆழ்குழாய் உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகப் போகாமல் துணியில் படிந்து விறைக்கும். இன்னொரு தண்ணீர் அலசிவிடுங்கள். நிழலில், ஸ்ட்ராப்பில் தொங்கவிடாமல், நடுப்பகுதியைக் கொடியில் மடித்துப் போட்டுக் காய வைக்க வேண்டும். ஒன்றையே தினமும் போடாமல் மூன்றை மாற்றிப் போட்டால் இழைக்கு மீண்டு சுருங்க நேரம் கிடைக்கும். உள் வரிசைக் கொக்கியில் மாட்டியும் பட்டை முதுகில் ஏறத் தொடங்கிவிட்டால் அந்த பிராவின் வேலை முடிந்தது. அடுத்ததை வாங்கப் போகும் முன் டேப்பை மறுபடி எடுத்து அளந்துகொள்ளுங்கள். ஒரு வருடத்தில் உடம்பு எடை ஐந்து கிலோ ஏறியிருந்தாலோ இறங்கியிருந்தாலோ போன முறை எழுதி வைத்த எண் செல்லாது.