பழைய .22 ரிவால்வரும் அதற்குப் பிடித்த தோட்டாவும்

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் கே-22 என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. அவர்களுடைய .38 ரிவால்வரின் அதே சட்டகம், ஏறக்குறைய அதே கனம். சுடுவது மட்டும் விலை மலிந்த சின்ன .22 தோட்டா, அதாவது விட்டம் சுமார் 0.22 அங்குலம். இலக்குப் பயிற்சிக்கென்றே செய்த துப்பாக்கி அது. அதுவும், அந்தக் காலத்து வேறு பல .22 ரிவால்வர்களும் இன்றும் அங்கே புழக்கத்தில் இருக்கின்றன. தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்தவை நிறைய.

இவற்றைச் சுட்டுப் பழகியவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். ஒரு பெட்டித் தோட்டாவைப் போட்டால் 25 மீட்டரில் குண்டுகள் நெருக்கமாக விழும். வேறு பெட்டிக்கு மாறினால் அதே கை, அதே துப்பாக்கி, ஆனால் குண்டுகள் இரண்டு மடங்கு பரந்து விழும். துப்பாக்கியைத் தொடாமல் தோட்டாவை மட்டும் கவனித்தே துல்லியத்தைக் கூட்ட முடியும் என்ற எண்ணம் இதிலிருந்துதான் வருகிறது. அது சரியான எண்ணம்தான். ஆனால் எங்கே கைவைத்தால் பலன், எங்கே வைத்தால் வீண் என்று தெரிய வேண்டுமானால் தோட்டாவின் உள்ளமைப்பு தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய தோட்டாக்களில் அடிப்பகுதியின் நடுவில் தனியாக ஒரு பற்றவைப்பு மூடி இருக்கும். அதைச் சுட்டபின் கழற்றிப் புதிது போடலாம். வெடிமருந்தைத் தன் விருப்பப்படி அளந்து நிரப்பலாம். .22 அப்படியில்லை. பித்தளை உறையின் அடியில் மடித்துவிட்ட விளிம்புக்குள்ளேயே பற்றவைக்கும் கலவை இருக்கிறது. ரிவால்வரின் சுத்தியல் அந்த விளிம்பை நசுக்கும்போது தீப்பிடிக்கிறது. பாரிஸைச் சேர்ந்த ஃப்ளோபேர் 1845-இல் செய்த சிறு தோட்டாவிலிருந்து வளர்ந்த முறை இது. இன்று நாம் பார்க்கும் .22 லாங் ரைஃபிள் 1887-இல் வந்தது. நசுங்கிய விளிம்பை மறுபடி நிமிர்த்த முடியாது என்பதால் இந்தத் தோட்டா ஒருமுறைக்குத்தான். சுடாத தோட்டாவைப் பிரித்து மருந்தை மாற்றுவது ஆபத்து. அனுபவம் உள்ள யாரும் அதைச் செய்வதில்லை. ஆக, மிஞ்சுவது இரண்டே வேலை. நல்ல தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. வெளியே தெரியும் ஈயக் குண்டின் அளவைச் சற்றே திருத்துவது இன்னொன்று.

அந்தக் குண்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். எடை சுமார் 2.6 கிராம். உறைக்கு வெளியே நிற்கும் பகுதியின் விட்டமும் உறையின் வெளிவிட்டமும் ஒன்றுதான், ஏறக்குறைய 5.7 மில்லிமீட்டர். அப்படியானால் குண்டு உறைக்குள் எப்படி நுழையும்? அதன் பின்பகுதி மட்டும் ஒடுங்கியிருக்கிறது. சம்படத்தின் மூடி வெளியே சம்படத்தோடு சமமாக நிற்க, அதன் ஒடுங்கிய அடிவிளிம்பு உள்ளே இறங்கிப் பிடிக்குமே, அந்த மாதிரி. மருந்து எரிந்ததும் அழுத்தத்தில் இந்த ஒடுங்கிய பகுதி உப்பிக் குழலின் சுவரை அடைக்க வேண்டும். எல்லாப் பக்கமும் சமமாக உப்பினால் குண்டு நேராகப் போகும். ஒரு பக்கம் கூடுதலாக உப்பினால் சற்றே சாய்ந்து, தள்ளாடியபடி வெளியேறும்.

ரைஃபிளில் குண்டுக்கு வழி நேர்வழி. ரிவால்வரில் அப்படியில்லை. கே-22-இன் சுழலும் உருளையில் ஆறு அறைகள். அறையை விட்டுக் கிளம்பும் குண்டு, உருளைக்கும் குழலுக்கும் நடுவே மில்லிமீட்டரில் பத்தில் ஓரிரு பங்கு இடைவெளியைத் தாண்டி, குழலின் புனல் போன்ற வாய்க்குள் நுழைய வேண்டும். அறை அகலமாக இருந்தால் குண்டு தாண்டும்போதே சாய்ந்துவிடும். அறையின் முன்பகுதி குழலைவிட ஒடுக்கமாக இருந்தால் குண்டு அங்கேயே இளைத்து, அப்புறம் குழலில் தளர்வாக ஓடும். பழைய மலிவு ரிவால்வர்களில் இந்த அளவுகள் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். ஒரே துப்பாக்கியில் அறைக்கு அறை மாறுவதும் உண்டு.

அதனால் என் கணக்கில் முதல் வேலை தோட்டாவில் இல்லை, அறைகளில்தான். அவற்றுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுத்து, தாங்கியில் வைத்து, ஒவ்வொரு அறைக்கும் தனி இலக்குத் தாளில் சுட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து அறைகள் ஓரிடத்தில் போட, ஒன்று மட்டும் ஒதுங்கிப் போடுவது சகஜம். அது தெரியாமல் தோட்டாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தால் விடை கிடைக்கவே கிடைக்காது.

அதற்கும் முன்னால் துடைக்க வேண்டும். நீளம் குறைந்த .22 ஷார்ட் தோட்டாவை வருஷக்கணக்காகச் சுட்ட ரிவால்வரில், அந்த உறை முடியும் இடத்தில் கரியும் ஈயமும் வளையமாகப் படிந்திருக்கும். நீளமான தோட்டா அதில் போய் இடிக்கும். தோட்டா இல்லாமல் விசையை இழுத்து விளையாடியதில் சுத்தியலின் முனை அறை விளிம்பைக் கொத்திச் சின்னப் பிசிறு ஏற்படுத்தியிருக்கலாம். அதுவும் தோட்டாவைச் சரியாக உட்கார விடாது.

சரி, இனி தோட்டா. ஆர்வலர்கள் அதிகம் செய்வது விளிம்பின் தடிமனை அளந்து பிரிப்பது. நுண்ணளவு காட்டும் கருவியில் ஒவ்வொரு தோட்டாவாக வைத்தால் முள் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே நிற்கும். வித்தியாசமெல்லாம் நூறில் சில பங்கு. ஆனால் அதற்கும் காரணம் இருக்கிறது. விளிம்பு மெலிந்திருந்தால் தோட்டாவுக்குப் பின்னால் இடம் மிஞ்சும். சுத்தியலின் அடியில் ஒரு பகுதி தோட்டாவை முன்னே தள்ளுவதிலேயே போய்விடும். சுத்தியலை இயக்கும் வில் தளர்ந்த பழைய துப்பாக்கியில் அந்த நஷ்டம் பெரிது. அடி குறைந்தால் பற்றுவதும் ஒரே சீராக இருக்காது. தொழிற்சாலையில் ஈரக் கலவையை உறைக்குள் இட்டு, வேகமாகச் சுழற்றித்தான் விளிம்புக்குள் ஒதுக்குகிறார்கள். ஒரு மூலையில் கலவை போய்ச் சேராமல் இருந்தால் அங்கே அடித்தும் வெடிக்காது. வெடிக்காத தோட்டாவைச் சற்று நேரம் பொறுத்து எடுத்து, வேறு பக்கம் திருப்பி அடித்தால் பெரும்பாலும் வெடித்துவிடுவது இதனால்தான். மலிவுத் தோட்டாவில் இப்படிப் பிரிப்பதால் வழிதவறும் குண்டுகள் கொஞ்சம் குறையலாம். போட்டித் தரத் தோட்டாவில் வித்தியாசம் தெரிவது அரிது. தராசில் எடை பார்ப்பதற்கு இந்த அளவு பலன்கூட இல்லை என்பது என் கருத்து. உறை, குண்டு, மருந்து மூன்றும் சேர்ந்த எடையில் மருந்தின் பங்கு மிகச் சிறியது. தராசு காட்டும் வித்தியாசம் எதிலிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லை.

ரிவால்வரில் எனக்கு அதிகம் அர்த்தமுள்ளதாகத் தெரிவது குண்டின் விட்டத்தைத் திருத்துவது. கடினமான எஃகுத் துண்டில் நுணுக்கமாகக் கடைந்த துளை. அதில் தோட்டாவை இறக்கி, குண்டின் மூக்கை மட்டும் மெல்ல அழுத்துவார்கள். மிருதுவான ஈயம் பக்கவாட்டில் விரிந்து துளையின் அளவுக்கு வந்து நிற்கும். குண்டு சில நூறில் பங்கு மில்லிமீட்டர் பருக்கும். எல்லாக் குண்டும் ஒரே வடிவமாகும். தளர்ந்த அறையில் அது நடுவாக நிற்கும் வாய்ப்பு கூடுகிறது. இதற்கென்றே செய்த கருவிகளில் விளிம்பின் மேல் எதுவும் படாது. உயிருள்ள தோட்டா என்பதால் வீட்டில் தானாகக் கடைந்து பார்க்கும் சமாச்சாரம் இல்லை இது. அளவு மிஞ்சினால் தோட்டா அறைக்குள் போகாது. ஒடுக்கமான அறையுள்ள துப்பாக்கிக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை.

வேகமும் ஒரு கை பார்க்கும், ஆனால் நினைப்பதற்கு நேர்மாறாக. வினாடிக்கு 290 மீட்டரில் போகும் குண்டைவிட 280 மீட்டரில் போவது, 25 மீட்டர் தூரத்தில் மூன்று மில்லிமீட்டர் அளவே கூடுதலாகக் கீழிறங்கும். ஆனால் குண்டு குழலுக்குள் இருக்கும்போதே துப்பாக்கி பின்னுதைத்து முனை மேலெழத் தொடங்கிவிடுகிறது. மெதுவான குண்டு தாமதமாக வெளியேறுவதால் அதற்குள் முனை இன்னும் உயர்ந்திருக்கும். எனவே கைத்துப்பாக்கியில் மெதுவான தோட்டா இலக்கில் மேலே படுவது சாதாரணம்.

இத்தனையும் செய்து பார்த்தபின் முன்னேற்றம் உண்மையா, தற்செயலா என்று எப்படித் தெரியும்? ஐந்து குண்டுச் சுற்றில் மிகத் தள்ளிப்போன இரண்டின் தூரத்தை மட்டும் அளந்தால், எதையும் மாற்றாமலேயே அது சராசரியிலிருந்து கால் பங்கு கூடலாம், குறையலாம். ஒரு அழகான தாளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு மகிழ்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். குண்டுகளின் நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளி என்று அளந்து, பல சுற்றுகளுக்குச் சராசரி எடுத்தால் அதை நம்பலாம். தோட்டா வகையை மாற்றியதும், குண்டின் மேல் பூசிய மெழுகில் குழலில் படிந்த பழையது போய்ப் புதியது படியும் வரை முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பெரிய போட்டியாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் போட்டியின் தோட்டாவும் இதே .22 தான். அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். இங்கிலாந்தின் ஈலி, ஜெர்மனியின் ஷோனெபெக்கில் .22 தோட்டா செய்யும் லாப்புவா போன்ற நிறுவனங்களின் சோதனைக்கூடத்துக்குத் துப்பாக்கியையே கொண்டுபோய், தாங்கியில் பூட்டி, லாட் லாட்டாக (லாட் என்பது ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) சுட்டுப் பார்த்து, பொருந்திய லாட்டை மொத்தமாக வாங்குகிறார்கள். ஒரே பெயர், ஒரே விலை, ஒரே இயந்திரம். இருந்தும் லாட் மாறினால் குழலோடு பொருத்தம் மாறுகிறது.

பழைய கே-22 வைத்திருப்பவருக்கும் இதே வழிதான் சிக்கனம். நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, நல்ல அறைகளில் மட்டும் சுட்டுப் பார்த்து, சிறந்ததின் பெட்டி மடிப்பில் அச்சிட்ட லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போகலாம். அந்த எண்ணில் மிச்சம் இருக்கும் பெட்டிகளை வாங்கி உலர்ந்த இடத்தில் வைத்தால் சில வருஷம் கவலையில்லை. விளிம்பை அளப்பதும் குண்டை அழுத்துவதும் அதன்பிறகு, நேரமும் ஆசையும் இருந்தால் போதும்.