கீறாத திரையும் உடையாத திரையும்

"லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்களே, அந்த போன்களில் அப்படி என்னதான் இருக்கிறது? கொடுக்கிற காசுக்குத் தகுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தங்கம், தோல் எல்லாம் நகைக்கடைச் சமாச்சாரம், விட்டுவிடுவோம். அறிவியலாகப் பேச அதில் உள்ளது திரைதான்.

நோக்கியா 1998ல் தொடங்கிய வெர்ட்டு என்ற ஆடம்பர போன் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2013ல் வந்த வெர்ட்டு டிஐ போனின் விலை 7,900 யூரோ. அன்றைய மதிப்பில் ஐந்தரை லட்சம் ரூபாய்க்கு மேல். இங்கிலாந்தில் கையால் பொருத்தியது, டைட்டானியம் உடம்பு, நீலக்கல் திரை. உள்ளே இரண்டு கோர் சிப், 1 ஜிபி ராம். அதற்குச் சில மாதம் முன்பு வந்த கூகுளின் நெக்சஸ் 4 போனில் நாலு கோர், 2 ஜிபி ராம்; ஆரம்ப விலை 299 டாலர். வேகத்துக்காக யாரும் ஐந்தரை லட்சம் கொடுத்திருக்க முடியாது.

சரி, நீலக்கல்லுக்கு வருவோம். பெயர்தான் நீலம், திரையில் இருப்பதற்கு நிறமே கிடையாது. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த குருந்தம் அது. ஆங்கிலத்தின் 'கொரண்டம்' நம் குருந்தத்திலிருந்து போன சொல். இதில் துளி குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். சனி பகவானுக்குப் பயந்து கடன் வாங்கி இந்தக் கல்லை மோதிரத்தில் பதிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அலுமினிய ஆக்சைடுக்குக் கிரகம் தெரியாது. போனுக்கான கல்லைச் சுரங்கத்தில் தோண்டுவதும் இல்லை. சுமார் 2,050 டிகிரி செல்சியஸில் உருக்கி, நாள்கணக்கில் மெல்லக் குளிரவைத்து, ஒரே படிகமாக வளர்த்து, வைரம் பதித்த கம்பியால் அறுக்கிறார்கள்.

கடினத்தன்மை அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9, மணல் 7, கண்ணாடி ஏறக்குறைய 6. நம் சட்டைப்பையில் திரையைக் கீறுவது பெரும்பாலும் சாவி இல்லை, மணல்தான். மணலால் குருந்தத்தைக் கீற முடியாது.

ஆனால் கீறாமல் இருப்பது வேறு, உடையாமல் இருப்பது வேறு. எந்தத் திரையின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும். போன் விழும்போது திரை வளைகிறது, வளையும்போது விரிசலின் வாய் இழுபட்டுத் திறக்கிறது, அது ஓடினால் திரை போச்சு. இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த வித்தை வருகிறது. சாதாரண போனின் கண்ணாடியைச் சுமார் 400 டிகிரியில் உருகிய பொட்டாசியம் உப்பில் முக்கி வைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் வெளியேற, அந்த இடத்தில் பொட்டாசியம் அயனிகள் போய் உட்காருகின்றன. பொட்டாசியம் உருவத்தில் பெரியது. டவுன் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்திருந்த சீட்டில், அவர்கள் இறங்கியதும் அதே எண்ணிக்கையில் பெரியவர்கள் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? தோளோடு தோள் நசுங்கும். கண்ணாடியின் தோலும் அப்படித்தான், நிரந்தரமாக இறுகிக் கிடக்கும். விரிசல் வாய் திறக்க வேண்டுமென்றால் முதலில் அந்த நெருக்கத்தை வென்றாக வேண்டும். குருந்தத்தில் இதைச் செய்ய வழியில்லை. இடம் மாற்றிக்கொள்ள அதில் சோடியமே கிடையாது. கீறல் விழாத அந்தத் திரை, கீழே விழுந்தால் நொறுங்கக் கூடியது.

உப்பில் முக்கி எடுக்கும் இந்தக் கண்ணாடி 1960களில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் பிறந்தது. வாங்க ஆளில்லாமல் பல வருடம் கிடப்பில் இருந்து, 2007ல் ஐபோன் வந்தபோதுதான் அதற்கு வேலை வந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் "இதனால் அடுத்த வருடம் என்ன லாபம்?" என்கிறவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அதனால், வாசகருக்கு என் பதில்: தகாது. கைக்கடிகாரத்தில் நீலக்கல் போடுவதை முழுமனதாக ஏற்பேன், அது முப்பது வருடம் ஓடும். 2013ல் அந்த போனை வாங்கியவரின் திரை இன்றும் புதிதுபோல இருக்கலாம். ஆனால் அது ஆண்ட்ராய்டு 4 போட்டு வந்த போன். 2023 அக்டோபர் முதல் ஆண்ட்ராய்டு 4ல் வாட்ஸ்அப் ஓடுவதில்லை.